வம்சத்துக் கை

ஐஸ் பெட்டியின் கண்ணாடியை விலக்கிவிட்டு, செத்துக் கிடந்த செழியனின் வலது கையில் குங்குமம் பூசிக்கொண்டிருந்தார் கோதண்டராமன். அவனுக்குப் பெரியப்பா. குலதெய்வம் கோயிலில் பூசாரி.

"தாயே, உன் புள்ளைய நீயே கூட்டிக்கினியே! யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி சாவு?"

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ரேவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்து வைத்த சாவாம்! முப்பத்தாறு வயசு. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டு, வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டியவன். நேற்று ஆடித் திருவிழாவில், பம்பைச் சத்தத்துக்கு நடுவே, தொண்டை அடைத்துக் கீழே விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டியவர்கள் மஞ்சள் தண்ணியை ஊற்றிக் குறி கேட்டுக்கொண்டு நின்றார்களாம். வீட்டில் இருந்த ரேவதிக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் குடும்பத்தில் கை மடங்கும். கட்டைவிரல் உள்ளே போய், மற்ற விரல்களெல்லாம் குவிந்து விறைத்துக்கொள்ளும். செழியனின் தாத்தாவுக்கு மடங்கியது, அப்பாவுக்கு மடங்கியது, பிறகு அவனுக்கு. குங்குமம் எடுக்கிற கை மாதிரி இருக்கிறது என்று எவனோ சொல்லப்போக, அது அம்மன் இறங்குகிற கை ஆகிவிட்டது. அப்பன்காரன் நாற்பதைத் தாண்டவில்லை. அந்தச் சாவையும் அம்மன் பேரிலேயே எழுதிவிட்டுக் காரியத்தை முடித்தார்கள்.

போன வருஷம் ரேவதிதான் சண்டை போட்டு அவனை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"இது சாமியும் இல்ல, காக்கா வலிப்பும் இல்லம்மா. ரத்தத்துல கால்சியம் ரொம்பக் கம்மி. கழுத்துல இருக்கிற சின்னச் சின்னச் சுரப்பிங்க அத சரியா கவனிக்கல. பரம்பரையா ஜீன்ல வர்றது. தினம் மாத்திரை போட்டா நல்லா இருப்பாரு, நிறுத்த மட்டும் கூடாது. பாப்பாவுக்கும் வந்திருக்கலாம். ஒரு தடவ ரத்தம் பாத்துடுங்க."

மாத்திரை போட ஆரம்பித்ததும் கை மடங்குவது நின்றுபோனது. நிம்மதியாக இருந்தது ரேவதி ஒருத்திதான். கோதண்டராமனுக்கு அது பெரிய குறையாகப் போய்விட்டது. திருவிழாவுக்கு அம்மன் வரவேண்டாமா? காப்பு கட்டிய அன்றைக்கே, "விரதத்துல மாத்திரை ஆவாது" என்று சொல்லிவிட்டார். ஊரார் முன்னால் பெரியப்பாவுக்கு எதிராக வாயைத் திறக்கமாட்டான் செழியன். பட்டினி கிடந்தான், மாத்திரையையும் விட்டான். ஒளித்து வைத்தாவது கொடுத்திருக்கலாம் என்று இப்போது ரேவதிக்குத் தோன்றியது. பாப்பாவுக்கு ரத்தம் பார்க்கலாம் என்று எத்தனை தடவை கேட்டாள்! "பொட்டப் புள்ளைக்கு சீக்குன்னு நாமளே பேர் கட்டறதா? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்று வாயை அடைத்துவிட்டாள் மாமியார் ராணியம்மாள்.

வாசலில் மேளம் மறுபடி ஆரம்பித்தது. ரேவதியின் ஒன்பது வயசு மகள் தென்றல், காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தவள், இப்போது மூச்சு இரைக்க இரைக்க விம்மினாள்.

"அம்மா, வாயெல்லாம் மதமதன்னு இருக்குதும்மா."

ரேவதி திரும்புவதற்குள் ராணியம்மாள் கத்தினாள்.

"ஐயோ என் தாயே! கொழந்த கையப் பாருங்களேன்!"

அதே கைதான். கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் குவிந்து. இரண்டு கையும்.

"வம்சம் அத்துப் போவல!" கோதண்டராமன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "எம் புள்ள போன சூட்டோட பேத்தி மேல எறங்கிட்டாடா! அட்ரா மேளத்த!"

மேளம் எகிறியது. பெண்கள் குலவை போட்டார்கள். அதுவரை மாரடித்து அழுதவள் ஒருத்தி குழந்தையின் காலில் போய் விழுந்தாள். இழவு வீடு ஒரு நொடியில் கோயிலாகிவிட்டது.

"அம்மா, வலிக்குது. விரிக்க வரலம்மா" என்றாள் தென்றல். பக்கத்தில் இருந்த ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.

கோதண்டராமன் குங்குமத் தட்டோடு குனிந்தார். ரேவதி தட்டிவிட்டாள். குங்குமம் ஐஸ் பெட்டி மேலெல்லாம் சிதறியது.

"தொட்டீங்கன்னா மரியாத கெட்டுடும்! இது அம்மன் இல்ல. எம் புருஷனுக்கு இருந்த அதே சீக்கு. கும்பிட்டுக் கும்பிட்டே அவரக் கொன்னீங்க. எம் பொண்ணையுமா கேக்கறீங்க?"

மேளம் அடங்கியது. வாசலில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு அப்போதுதான் வந்து நின்றான் அவள் தம்பி பிரசாத்.

"டேய், வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அக்கா, இன்னும் கோடி போடல. இப்ப எப்பிடி..."

"கோடி கெடக்குது, எட்றா வண்டிய!"

ராணியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "பொணம் வீட்ல கெடக்கும்போது பொண்டாட்டிக்காரி வாசல் தாண்டுவாளாடி? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு நேத்து இன்னா சொல்லிச்சு அத்த? உம் புள்ள மூச்சு விட முடியாம கெடந்தப்போ இன்னா சொல்லிச்சு?"

ராணியம்மாள் தானாகவே வழிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். ரேவதி மூச்சு விடாமல் சொன்னாள்: கால்சியம் கம்மி, பரம்பரை, இவள் அப்பாவுக்கும் உண்டு. டாக்டர் உடனே ரத்தம் எடுத்தாள். இடது கையில் ஊசி குத்தி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே மருந்தை மெதுவாக ஏற்றினாள்.

"நல்லவேளை சீக்கிரம் வந்தீங்க. அப்பாவும் மாத்திரை ஒழுங்கா சாப்பிடணும், சொல்லுங்க. அவர் வரலியா?"

"வீட்ல இருக்காரு" என்றாள் ரேவதி.

பிரசாத் போனைக் காதிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். "அக்கா, தூக்கப் போறாங்களாம். மூஞ்சி பாக்க வர்றியா இல்லியான்னு கேக்கறாங்க."

ரேவதி மகளின் வலது கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் லேசாக விலகியிருந்தது.

"தூக்கச் சொல்லு."

கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கடைசியில் கட்டைவிரலும் வெளியே வந்தது. தென்றல் கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கும் இந்த ஊசி போட்டிருந்தா விரிஞ்சிருக்குமா?"

"ம்."

தென்றல் வலது கையை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள்.

"பாப்பா, கைய ஆட்டாம படு" என்றாள் அந்தப் பக்கம் வந்த நர்ஸ்.

"ஊசி அந்தக் கையில இல்ல சிஸ்டர்" என்றாள் ரேவதி. "ஆட்டட்டும்."