மேஜைக்கடியில் கால்கள்

அவையில் சுருக்கெழுத்தாளர்களின் மேஜை நடுப்பள்ளத்தில் கிடக்கிறது. உறுப்பினர்களின் வரிசைகள் அதைச் சுற்றிப் படிப்படியாக மேலே ஏறுகின்றன. குனிந்தே எழுதும் எங்களுக்கு முன்வரிசைக்காரர்களின் முகம் தெரியாது, கால்கள் தெரியும். இதை ஒருமுறை சொல்லப்போய், அன்றிலிருந்து என் மனைவி மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்குக் காலெல்லாம் என்ன பேசிச்சு?" என்றுதான் விசாரிப்பாள்.

எதிர்க்கட்சித் தலைவருக்கு அவள் வைத்த பெயர் செருப்புக்காரர். மனிதர் இருக்கையில் அமர்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். பேச்சு சூடேறினால் செருப்புகள் ஆளுக்கொரு திசையில் போய்க் கிடக்கும். அவருடைய கால்கள் அவற்றைத் துழாவ ஆரம்பித்தால் வெளிநடப்பு என்று அர்த்தம். அவர் வாயைத் திறப்பதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும். வெளிநடப்பு அங்கே மூச்சு விடுவது மாதிரி. கத்திக்கொண்டே போவார்கள், வாசலில் பத்திரிகைக்காரர்களிடம் பொரிந்து தள்ளுவார்கள், கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்து உட்காருவார்கள். அதுவரை சபாநாயகரும் சில்லறைக் காரியங்களை ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்ததில்லை.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்திருந்தார். அரசு மருத்துவமனையில் ஒருவருக்கு இரண்டு முறைதான். மூன்றாவதை வெளியே செய்துகொண்டோம், முடிந்தவரை செய்துகொண்டோம். முடியாமல் போன பிறகு, உடம்பில் நீர் சேராமலிருக்க அவள் தண்ணீரை ஸ்பூனால் குடிக்கப் பழகினாள். அப்படியும் கால் வீங்கியது. டாக்டர் எத்தனை முறை சொல்கிறாரோ அத்தனை முறையும் அரசே செய்துதர வேண்டும் என்று எதிர்க்கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. எங்களுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மசோதா நல்லதா கெட்டதா என்று அவையில் ஒருவரும் பேசவில்லை. நேரே வாக்கெடுப்புக்கு விடுவதா, முதலில் தேர்வுக்குழுவுக்கு அனுப்புவதா என்பதிலேயே கூட்டத்தொடர் கரைந்தது. விதி இப்படிச் சொல்கிறது, மரபு அப்படிச் சொல்கிறது என்று அத்தனையையும் எழுதினேன். குழுவுக்குப் போனால் அது அறிக்கை தருவதற்குள் அவையின் ஆயுள் முடிந்துவிடும், மசோதாவும் கூடவே செத்துப்போகும். அது தெரிந்துதான் ஆளுங்கட்சி குழு குழு என்று ஜபித்தது. ஆனால் அவர்களிலேயே சிலர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து கை தூக்குவதாகச் சொல்லியிருந்தார்கள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் காலையில் அவளை டயாலிசிஸ் வார்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கையில் ஊசியைக் குத்தி நர்ஸ் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். "செருப்புக்காரர் மேல ஒரு கண் இருக்கட்டும்ங்க. ஆணி கிடைச்சா அந்தச் செருப்பைத் தரையோட அடிச்சுவைங்க," என்றாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த லாரி டிரைவர் அடக்கமாட்டாமல் சிரித்தார்.

என் முறை வந்து நான் மேஜையில் அமர்ந்தபோது, மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு நெருங்கிவிட்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் இரண்டாவது முறை பேச எழுந்தார். சபாநாயகர் அனுமதிக்கவில்லை.

"நீங்கதான் பேசிட்டீங்களே. உட்காருங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எதிர்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கால்கள் துழாவத் தொடங்கின.

இடது செருப்பு உடனே அகப்பட்டது. வலது செருப்பு அவருக்கு எட்டாமல், படியோரமாகக் கவிழ்ந்து கிடந்தது. கட்டைவிரல் தரைவிரிப்பை இங்கும் அங்கும் தடவியது. என் பென்சில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அந்த விரலையே பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு ஒரு தலைவர் வெளிநடப்பு செய்ய முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும், கோபம் இறங்கட்டும் என்று நினைத்தேன். அப்போது அவை ஊழியர் ஒருவர் குனிந்து, "சார், இந்தாங்க," என்று அதைக் காலடியில் மரியாதையாகத் திருப்பி வைத்தார்.

போய்விட்டார்கள், மொத்தப் பேரும். அடைப்புக்குறிக்குள் வெளிநடப்பு என்று எழுதினேன்.

அன்று சபாநாயகர் சில்லறைக் காரியம் எதையும் எடுக்கவில்லை. நேரே வாக்கெடுப்புக்குப் போனார். கை தூக்குவதாகச் சொன்னவர்கள் காலியான இருக்கைகளைப் பார்த்தபடி கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். மசோதா குழுவுக்குப் போயிற்று. அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

"நாங்க வர்றதுக்குள்ளயா?" என்றார் தலைவர். அவை கலைந்துவிட்டதால் அது பதிவில் ஏறவில்லை.

வார்டில் அவை நடப்பைக் காட்டிய டிவியை நிறுத்தியிருந்தார்கள். லாரி டிரைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "ஏன் சார், ஓடற வண்டியில ஸ்டியரிங்க விட்டுட்டு எவனாவது டீ குடிக்க இறங்குவானா?" என்று கேட்டார். நான்தான் இறங்கியதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. "செருப்பு கிடைச்சிடுச்சா அவருக்கு?" என்றாள்.

"எடுத்துக் குடுத்தாங்க."

"பாவம், வெறுங்காலோட எப்படிப் போவாரு."

மிஷினிலிருந்து விடுவித்த பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய செருப்பை எடுத்து மாட்டிவிடப் பார்த்தேன். வீங்கியிருந்த பாதம் வாருக்குள் நுழையவில்லை. வாரைத் தளர்த்திப் பார்த்தேன், அப்போதும் நுழையவில்லை. "விடுங்க," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

தேர்தலுக்கு முன்பே அவள் போய்விட்டாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். லாரி டிரைவர் அவளுக்கும் முன்பே.

தேர்தலில் செருப்புக்காரரின் கட்சி ஜெயித்தது. இப்போது அவர் அமைச்சர், ஆளுங்கட்சிப் பக்க முன்வரிசையில், முதலமைச்சருக்கு அடுத்த இருக்கையில். அந்த மசோதாவை மறுபடியும் ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். இது பழைய மசோதாவின் தொடர்ச்சியா, புதிதா என்று நேற்று நாள் முழுக்க விவாதித்தார்கள். எதற்கும் தேர்வுக்குழு ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று நிதானமான குரலில் சொன்னவர் அவர்தான். எழுதிக்கொண்டேன்.

வெளியே போகவேண்டிய அவசியம் இப்போது அவருக்கு இல்லை. மேஜைக்கடியில் அவருடைய செருப்புகள் நாள் முழுவதும் ஜோடியாக, வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வீட்டுக்குப் போனால் அதைக் கேட்க ஆளில்லை.