வரைபடத்தில் மிஞ்சிய வெள்ளை

ஜூன் 11, செவ்வாய். விடுதி ஐந்து முறை இடம் மாறியது என்று நேற்று விடுதிப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். தவறு. நான்கு முறைதான் மாறியது. ஐந்தாவது முறையும் அதற்குப் பிறகும் எழுந்து நின்றதோடு சரி. திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பதால் முதலிலிருந்து ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது.

வீடில்லாதவர்கள் தங்கும் அந்த விடுதி முதலில் பள்ளிக்கூடத் தெருவில் இருந்தது. ஓட்டுக் கூரை, ஆறு அறை, பின்னால் குளியலறை. நடத்தியவர் வார்டன் அக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்நூறு அடிக்குள் இப்படிப்பட்ட விடுதி இருக்கக் கூடாது என்று நகராட்சி விதி போட்ட அன்று, மதியம் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, விடுதி தரையை விட்டு ஒரு முழம் எழும்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் வேகத்தில் தெருவில் இறங்கியது. போக்குவரத்துக் காவலர் பேருந்துகளை நிறுத்தி வழிவிட்டார். கொடியில் காய்ந்த துணிகள் காய்ந்துகொண்டே போயின. பூங்காவுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்றைக் கண்டதும் விடுதி உட்கார்ந்தது. பழைய இடத்தில் செவ்வகமாக வெளிறிய மண் மட்டும் கிடந்தது; அடுத்த வாரமே அதில் கார்களை நிறுத்தத் தொடங்கினார்கள்.

பூங்காவில் நடைப்பயிற்சி செய்கிறவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்தார்கள். "நாங்க யாருக்கும் எதிரி இல்லைங்க. பாவம், அவங்களும் மனுசங்கதான். நல்லா இருக்கட்டும். ஆனா இங்க வேண்டாம்" என்றார்கள். பூங்காவும் விதியில் சேர்ந்தது. விடுதி மருத்துவமனைக்குப் பின்புறம் போனது. நோயாளிகளுக்கு அமைதி வேண்டும் என்றார்கள். பேருந்து நிலையத்துக்குப் போனது. ஊருக்கு வருகிறவர்கள் இறங்கியதும் பார்ப்பது இதையா என்றார்கள். பேசியவர்கள் வேறு வேறு, பேச்சு ஒன்றுதான். இதற்குள் மூன்று வருடம் போய்விட்டது.

ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் இணைப்புக் கொடுத்துக் கொடுத்துக் குழாய் வேலைக்காரர் சலித்துப்போனார். "அக்கா, அடுத்த தடவை குழாய்க்கும் சக்கரம் வெச்சிடுறேன்" என்றார். "வெச்சிடுப்பா, பின்னாடியே உருண்டு வரட்டும்" என்றார் வார்டன் அக்கா. அதற்குமேல் சிரிக்க அவருக்குத் தெம்பில்லை.

இதில் அதிகம் நொந்துபோனவர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர். குடியால் லாரி, வீடு, மகள் என்று வரிசையாக இழந்தவர். விடுதிக்கு வந்த நாளிலிருந்து குடிக்கவில்லை. மகள் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். "ஒரே விலாசத்துல ஒரு வருஷம் இருந்து காட்டுங்கப்பா. அப்புறம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றேன்." அந்தப் பிள்ளையை அவர் இன்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் வருடம் முடிவதற்குள் விலாசம் மாறிப்போனது. "நான் கட்டிலை விட்டு நகரவே இல்லம்மா. வீடுதான் நகருது" என்று தொலைபேசியில் கெஞ்சினார். இந்த மாதிரிச் சாக்குகளைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நகராட்சித் தலைவர் ஒரு முழு விதியைத் தயாரிக்கச் சொன்னார். குடியிருப்பு, கடைவீதி, நூலகம், வங்கி, விளையாட்டுத் திடல் எல்லாம் அதில் வந்தன. வரைபடக்காரர் காம்பஸை ஊன்றி ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். "நம்ம ஆபீசையும் சேர்க்கணுமா சார்?" என்று கேட்டார். "நம்மள யாருய்யா வந்து தொந்தரவு பண்ணப் போறாங்க?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. வட்டங்கள் ஊர் முழுவதையும் மூடின. நகராட்சி முற்றத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு மிஞ்சியது. பொழுது சாய்வதற்குள் விடுதி கேட்டைத் தாண்டி வந்து, சைக்கிள் கொட்டகைக்கும் வரி கட்டும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

அதன்பின் கூட்ட அரங்குக்குப் போக விடுதியின் நடைவழியை விட்டால் வேறு வழியில்லை. "செருப்பைக் கழட்டுங்க சார், இப்பத்தான் துடைச்சேன்" என்றார் வார்டன் அக்கா. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த உறுப்பினர்கள், அலுவலகத்தையும் விதியில் சேர்க்கும் திருத்தத்தை எடுத்தார்கள். தலைவர் வாசிக்கத் தொடங்கியதும் விடுதி எழும்பியது. டிரைவர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வரைபடக்காரர் எழுந்து, இதையும் மூடினால் வெள்ளையே இல்லை என்றார்.

"அப்ப அது எங்கய்யா போய் உட்காரும்?"

"உட்காராது சார். சுத்திக்கிட்டே இருக்கும்."

"எங்க?"

"எல்லார் வீட்டு வாசல் வழியாவும்."

தலைவர் கையிலிருந்த தாளை மடித்தார். திருத்தத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். விடுதி உட்கார்ந்தது.

அதிலிருந்து மாதாமாதம் தலைவர் வாசிக்கிறார், விடுதி எழும்புகிறது, தள்ளிவைக்கிறார்கள், உட்காருகிறது. குழாய் வேலைக்காரர் இணைப்பில் ஒரு முழத்துக்குக் கூடுதலாக ரப்பர் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டார். உறுப்பினர்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றுகிறார்கள்.

இப்படியே ஒரு வருடம் ஆயிற்று. போன வாரம் மகள் வரி ஜன்னலுக்குத் தொலைபேசி செய்து விசாரித்தாள். "இங்கதாம்மா இருக்கு. வருஷம் பூரா என் ஜன்னல் வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்றார் அங்கிருந்த எழுத்தர். அவர் அலுத்துக்கொண்டு சொன்னதால்தான் நம்பினாளோ என்னவோ, நாளைக்கு வருகிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டாள். டிரைவர் இன்று இரண்டு முறை சவரம் செய்துகொண்டார்.

நாளை மாதக் கூட்டமும் இருக்கிறது. திருத்தம் பதினொரு மணிக்கு வரும். மகளின் பேருந்தும் அப்போதுதான்.

"தள்ளித்தான் வைப்பாங்க அண்ணே" என்றார் வார்டன் அக்கா.

"தெரியும்மா" என்றார் டிரைவர், கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுக்காமல்.

நாளைய வேலை: விடுதி எழும்பும்போது சிந்தாமலிருக்கக் குடங்களை முக்கால் மட்டும் நிரப்புவது. பிள்ளை ஏறி வருவதற்கு வாசலில் ஒரு மரப்பெட்டி போட்டுவைப்பது.