மகாராணியின் வீடு

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டதுதான் வினையாகிப் போயிற்று. வீடு பார்க்க வந்தவர்கள் கீழ்ப் படிக்கட்டு வரைக்கும் வரிசை கட்டி நின்றார்கள். எல்லாரும் ஷூ காலோடு திமுதிமுவென்று உள்ளே போக, டீச்சர் மட்டும் வெறுங்காலோடு போய் நடு ஹாலில் நின்றாள். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த தரகர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சுத்தம் பண்றது நாளைக்குத்தாம்மா. இன்னிக்கு வீடு பாக்க வந்தவங்க மட்டும்" என்றார். நானும் வீடு பார்க்கத்தான் வந்தேன் என்பதை அந்த ஊர் பாஷையில் அவள் மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் அவர் வேறொரு தம்பதிக்குக் குளியலறையைக் காட்டப் போய்விட்டார். அவளும் வந்த வழியே இறங்கிவிட்டாள். பாதிப் படியில்தான் செருப்பு ஞாபகம் வந்து, மறுபடி ஏறிப் போய் எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் என்பது அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண்கள் வைத்த பெயர். ஊரில் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தவள் அவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடுவதும் ஊட்டிவிடுவதும் வேலை. கணவனையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு முதலில் அவள் மட்டும் இந்த நாட்டுக்கு வந்தாள். அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் அவள் பெயரில் ஒரு வீடு இருந்தாக வேண்டும் என்று சட்டம். ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டிலாக முடங்கிக் கிடப்பதெல்லாம் வீட்டுக் கணக்கில் சேராது.

போனில் கேட்டால் அவள் வாயைத் திறந்ததுமே வீடு போய்விட்டது என்பார்கள். அந்த அறையில் மூத்தவள், ஓட்டல் சமையற்கட்டில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிய அக்கா. அவளுக்கு அந்த பாஷை தண்ணீர் பட்ட பாடு. அவள் அதே எண்ணுக்கு மறுபடி அடித்தால் போன வீடு திரும்பி வந்திருக்கும். பேரென்ன என்று கேட்பார்கள். பேரைச் சொன்னதும் வீடு மறுபடி போய்விடும். "வீட்டுக்கே கால் மொளச்சிருக்கு பாரு" என்று அக்கா சிரிப்பாள். முதலில் டீச்சரும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை.

இல்லத்தில் அவள் பார்த்துக்கொண்டவர்களில் ஒரு கிழவிக்கு அவள் மகாராணி என்று பெயர் வைத்திருந்தாள். படுக்கையில்கூடக் கிழவி முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பாள். தலை வாரி முடிக்கும் வரை யாரோடும் பேச மாட்டாள். வாரியதும் முதல் பேச்சு வீட்டைப் பற்றித்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் படியில் விழுந்துதான் இடுப்பெலும்பு முறிந்தது. "கால் சரியானதும் போயிடுவேன்" என்பாள். டாக்டர் ஆமாம் என்பார். வாரம் ஒருமுறை வரும் மகனும் ஆமாம் என்பான். சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவன்கூட ஆமாம் என்பான். இந்தக் கால் இனி சரியாகப்போவதில்லை என்பது மகாராணியைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தாள். அவளும் சீப்பிலிருந்து வெள்ளை முடியை எடுத்துக்கொண்டே, "ஆமா, போயிடலாம்" என்பாள்.

ஒரு மதியம் அந்த மகன் அவளை நடைக்கூடத்தில் நிறுத்தினான். நல்ல மனிதன்தான், எப்போதும் அவசரத்தில் இருக்கிறவன்.

"நீங்க வீடு தேடறதா சொன்னாங்க. அம்மா வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கு. வாடகை வீடு, அம்மா பேர்ல இருக்கு. அவங்க கையெழுத்துப் போட்டா உங்க பேருக்கு மாத்திடலாம்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் சுவரைப் பார்த்தான். "நான் கேட்டா அழுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. உள்ள இருக்கற சாமான்ல வேணுங்கறத வெச்சுக்குங்க. மிச்சத்த வெளிய போட்டுடுங்க."

அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அக்காவிடம் சொன்னாள். அக்கா வெங்காய வாடை அடிக்கும் கையால் அவள் தோளைத் தட்டினாள். "இதுல என்ன யோசனை டீச்சர்? அந்தம்மா இனி மூணு மாடி ஏறவா போகுது? நீ வேணாம்னா இன்னொருத்தன் வந்து உக்காருவான். உன் பொண்ண நெனச்சுக்க." டீச்சர் பொண்ணைத்தான் நினைத்தாள். வேறு எதையும் நினைக்காமலிருக்கப் பொண்ணையே விடாமல் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலை வாரி முடித்ததும் காகிதத்தைப் போர்வைமேல் வைத்தாள். "நீங்க வர்ற வரைக்கும் வீட்ட நான் பாத்துக்கறேன். அதுக்கு இதுல ஒரு கையெழுத்து வேணுமாம்." அந்த வாக்கியத்தை அவள் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள், ஒரு பிழையும் வரவில்லை. மகாராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைச் சற்று நேரம் பிடித்திருந்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்து நடுங்காமல் விழுந்தது. "அலமாரி மேல தூசி அடையும், துடைச்சுக்க" என்றாள்.

சாமான்களை வெளியே போடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போதவில்லை. ஒரு ஆயுளில் சேர்ந்தவை அவை. கைப்பிடி ஒட்டிய கோப்பைகள், உள்பக்கம் திருப்பித் தைத்த கோட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிஸ்கட் டப்பாக்கள், யாரென்றே தெரியாத மனிதர்கள் சிரிக்கும் புகைப்படங்கள். அக்காவும் அவளும் மாடிக்கும் தெருவுக்குமாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். புகைப்படங்களை மகனுக்காகத் தனியாக ஒரு பெட்டியில் வைத்தாள். போனில் சொன்னாள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான், வரவில்லை. கட்டிலும் மேசையும் அப்படியே இருந்தன. ஜன்னல் பக்கத்துச் சிறிய அறையைக் கழுவித் துடைத்து, தெருவில் யாரோ போட்டிருந்த குட்டிக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே போட்டாள். அதற்கு மட்டும் புது மெத்தை. வீடியோவில் அதைக் காட்டியபோது மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜன்னல்லேர்ந்து என்ன தெரியும்மா?" என்றாள். தெரு தெரியும் என்றாள் இவள். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டது குழந்தை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மகாராணி கேட்பாள், டீச்சர் சொல்வாள். அலமாரியைத் துடைத்தாயிற்று. கோப்பையெல்லாம் அடுக்கினபடி இருக்கிறது. கோட்டை வெயிலில் போட்டு எடுத்து வைத்தேன். பூச்சி எதுவும் இல்லை. ட்யூஷனில் பொய்க்கணக்கு எழுதுகிற பிள்ளையை ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறவள், இப்போது தானே அடி பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தாள். மகாராணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஊட்டிவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவாள்.

கணவனுக்கும் மகளுக்கும் இங்கே வர அனுமதி வந்த அன்று டீச்சர் வேலைக்கு நடுவிலேயே துணி மடிக்கும் அறைக்குள் புகுந்துகொண்டு கூப்பிட்டாள். கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். பின்னால் கடைச் சத்தம் கேட்டது. தம்பியோடு சேர்ந்து செல்போன் கடை போட்டிருந்தான், அது சும்மா கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தான்.

"இப்பதான் கடை சூடு பிடிக்குது" என்றான். "பாப்பாவும் புது ஸ்கூல்ல செட்டாயிட்டா. அங்க வந்து நான் என்ன பண்றது, சொல்லு. நீ பண்ற வேலையா?"

"அப்ப இந்த வீட்ட நான் யாருக்குங்க எடுத்தேன்?"

"நான் எடுக்க வேணாம்னு சொல்லலையே. இருக்கட்டும். ஒரு வருஷம் போகட்டும், பாப்போம்."

அவன் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். வாடிக்கையாளர் ஒருவருக்கு விலை சொல்லிவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தான். அவள் மடித்த போர்வைகளைக் கலைத்து மறுபடி மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர மடித்து அடுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம்தான் மகாராணி, "ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். முன்பும் கேட்டதுண்டு, அப்போதெல்லாம் மழை, டாக்டர் விடமாட்டார் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருந்தாள். இந்த முறை சமாளிக்கத் தெம்பில்லை. அனுமதி வாங்கி, போர்வை சுற்றி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று சக்கரம் உருளும் சத்தத்தோடு சத்தமாக மனம் அடித்துக்கொண்டது. கட்டட வாசலுக்கு வந்ததும் மகாராணி படிக்கட்டின் அடியிலிருந்து மேலே அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடிக் கம்பியைத் தொட்டாள். எழுந்து நிற்பதற்குக்கூட முயற்சி செய்யவில்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் டீச்சர். "வீடு இப்ப உங்களுது இல்ல. என் பேர்ல இருக்கு. உங்க சாமானெல்லாம் நான்தான்..."

"தெரியும்."

டீச்சர் நாற்காலியின் பிடியை விட்டாள்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவளுக்குப் படிக்கத் தெரியாதா? அன்னிக்கே படிச்சுட்டுத்தான் போட்டேன்." குரலில் வெறுப்பில்லை, பரிவும் இல்லை. "என் பையன் நேர்ல வந்து கேட்டிருக்கலாம். அவனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நீயாவது தெனமும் கோப்பையெல்லாம் பத்திரமா இருக்குன்னு சொன்ன. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

மாடியிலிருந்து இறங்கிவந்த ஒருவர் இவர்களுக்காக ஓரமாக ஒதுங்கிப் போனார். டீச்சருக்கு மன்னிப்பு கேட்கும் சொல் அந்த பாஷையில் தெரியும், முதல் வாரமே கற்ற சொல். அதைச் சொல்லாமல், விட்ட பிடியை மறுபடி பற்றிக்கொண்டாள்.

"உன் பொண்ணு எப்ப வருது?" என்றாள் மகாராணி.

"அடுத்த மாசம்" என்றாள் டீச்சர். "எல்லாம் ஆயிடுச்சு. அடுத்த மாசம் வந்துடுவா."

மகாராணி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை ஆட்டி, "ஆமா, வந்துடுவா" என்றாள். "என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு. நீ மேல போய் ஜன்னலத் திறந்து நில்லு. வீட்ல ஆள் இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்."

எதிர்ப்பக்க நடைபாதையில் நாற்காலியை நிறுத்தி, சக்கரத்துக்கு பிரேக் போட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு டீச்சர் சாலையைக் கடந்தாள். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். சிறிய அறைக்குள் போய், புது மெத்தை போட்ட கட்டிலை இடித்துக்கொண்டு, ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. வெளியே எட்டிக் கையை ஆட்டினாள்.

அந்தத் தெருவில் எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி, கிழவியின் கண்ணும் மங்கியிருந்தது. கீழே மகாராணி முதுகை நிமிர்த்தி, தலையை நன்றாக அண்ணாந்து, பக்கத்துக் கட்டடத்தின் மூடிக்கிடந்த ஜன்னல் ஒன்றைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கூப்பிட்டாள். ஒரு பஸ் நடுவில் வந்து நின்றது, பிறகு நகர்ந்தது. அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.