கண் திறந்தவர்கள் பட்டியல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தியானத்தில் உதித்தது. எல்லா அலுவலகங்களிலும் காலையில் இருபது நிமிடம் கட்டாயத் தியானம். ஆணை நாட்டின் தலைவருடையது, ஒலிபெருக்கியில் குரல் குருவுடையது. (நல்ல குரல். எனக்கு ரத்த அழுத்தம் குறைந்ததையும் மறைப்பதற்கில்லை.)

2
முதல் தொடக்கம்: "அதிகாரத்துக்கும் மௌனத்துக்கும் உள்ள உறவு மிகவும்..." வேண்டாம், கட்டுரை வாடை அடிக்கிறது.

சரி, இப்படி. எங்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஓர் எழுத்தர். தியானத்தில் யார் கண்ணைத் திறக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவர் பொறுப்பு. அதனால் அவருக்கு மட்டும் கண்ணைத் திறந்துவைக்க அனுமதி. ஊரே நிம்மதியாக இருக்க, மனுஷனுக்குத் தலைவலி! பட்டியல் வெறுமையாகப் போனால் அவர் தூங்கிவிட்டதாக அர்த்தம், அதுவும் குற்றம். மூன்று முறை பெயர் வந்தால் 'அமைதி முகாமு'க்கு வண்டி வந்து கூட்டிப்போகும். போனவர் யாரும் இதுவரை திரும்பவில்லை.

3
அலுவலகத் தட்டச்சர் அந்த எழுத்தரின் அண்ணி. அண்ணன் முகாமுக்குப் போய் ஏழு மாதம். (குற்றம்: தியானத்தில் சிரித்தது, மூன்று முறை. நம்பும்படி இல்லையென்று இதை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.) அண்ணியின் பெயர் ஏற்கெனவே இருமுறை வந்துவிட்டது. இரண்டையும் எழுதியவர் இவரேதான்.

"இருபது நிமிஷம்தானே அண்ணி, கண்ணை மூடிக்கிட்டா என்ன?"

"மூடினா உங்கண்ணனை வண்டியில ஏத்தினதுதான் தெரியுது தம்பி. நீங்க பாட்டுக்கு எழுதுங்க. நாலு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து யார் கூட்டிட்டு வர்றதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் எல்லாம் கேட்டது.

4
மறுநாள். "மூச்சைக் கவனியுங்கள்" என்கிறார் குரு. அண்ணி கண்ணைத் திறந்து எழுத்தரையே பார்க்கிறார். வேறு யாரும் திறக்கவில்லை. நடக்காததை எழுத அவருக்கு வராது. இருபது வருடம் பத்திரம் எழுதிய கை. பேனாவை எடுத்து...

தன் பெயரையே எழுதினார் என்று முடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது, அதனாலேயே கிழித்துப் போட்டேன். அண்ணியின் பெயரை எழுதினார் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

5
அன்று தியானத்தில் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. என் பெயர் அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. நான் திறந்திருந்தால் அவருக்கு எழுத ஒரு பெயர் கிடைத்திருக்கும். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேனா கீறும் சத்தம் கேட்டது. அப்போதும் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் தட்டச்சர் நாற்காலியில் யார் இருந்தார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மணி நாலாகப் போகிறது. பள்ளிக்கூட வாசலில் யார் நிற்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.