பச்சைப் புள்ளிகள்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை அது. பயிற்சியின் இரண்டாம் நாள், உணவுக்கூடத்து மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, பயிற்சியாளர் அம்மா தரையில் வெள்ளைப் பொடியைக் கொட்டினார். மாவைப் போல மெல்லிய பொடி.

"இன்னைக்கு இதுதான் உங்க ஈயத் தூசி. பயப்படாதீங்க, இது ஒண்ணும் பண்ணாது. அள்ளுங்க, துடைங்க, உடுப்பக் கழட்டுங்க, கை கால் கழுவுங்க. யார் மேல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அப்புறம் பாக்கலாம்."

உலைப் பிரிவு மேஸ்திரிக்கு மனம் வேலையில் இல்லை. நான்கு வயது மகளுக்கு மறுபடி வயிற்றுவலி என்று மனைவி ஃபோன் செய்திருந்தாள். மூன்று மாதமாக இதே கதை. டாக்டர் வயிற்றுப் பூச்சி என்றார், மருந்து கொடுத்தார். வலி போவதும் வருவதுமாக இருந்தது. வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, இப்போது தெரிந்த சொல்லுக்கே தடுமாறியது.

எல்லோரும் கழுவி வந்ததும் ஜன்னல்களை அடைத்து, பயிற்சியாளர் ஊதா விளக்கை ஏற்றினார். பொடி பச்சையாக ஒளிர்ந்தது. ஒருவருக்குக் காதின் பின்னால், ஒருவருக்கு மணிக்கட்டில். பேச்சை நிறுத்தத் தெரியாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவனுக்கு முதுகு முழுக்க. மேஸ்திரியின் சட்டையிலும் கையிலும் ஒரு பொட்டுகூட இல்லை. விளக்கு முகத்துக்கு ஏறியது.

"மேஸ்திரி லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு வந்திருக்காரு டோய்!" என்றான் ரேடியோ. கூடமே சிரித்தது.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "கையுறைய எப்படிக் கழட்டுனீங்க?"

மேஸ்திரி செய்து காட்டினார். விரல் நுனியைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பு. அந்த ஆலையில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். இரண்டு கையிலும் தடித்த கையுறை இருந்தால், மூன்றாவது கை பல்தானே.

"எத்தனை வருஷமா?"

"எட்டு வருஷங்க."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு ஆளுக்கொரு சின்ன ஊதா டார்ச்சைக் கொடுத்தார். "வீட்ல அடிச்சுப் பாருங்க. நாளைக்குத் திருப்பிக் குடுங்க."

மேஸ்திரி வாயை மூன்று முறை கொப்பளித்துவிட்டு, பயிற்சியில் கழற்றிய உடுப்பைக் கையால் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டியபடியே அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் டார்ச் நினைவு வந்தது.

"ஒரு வேடிக்கை பாரு," என்று திரைச்சீலையை இழுத்து விட்டார்.

கதவின் கைப்பிடியில் பச்சை. சுவிட்சில், குழாய்த் திருகில், டம்ளர் விளிம்பில் பச்சை.

"வந்து பத்து நிமிஷம் ஆகல, இத்தனை எடத்துல கை வச்சாச்சா?" மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் எடுத்துத் தரச் சொல்ற சாமான் மட்டும் உங்க கைக்கு அகப்படாது."

டார்ச் மகள் பக்கம் திரும்பியது. கன்னத்தில் ஒரு தீற்றல். தலைமுடியில் தூவல். உள்ளங்கை இரண்டும் பச்சை. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை வழக்கம்போல் வாயில் வைத்தாள்.

"வாயில வைக்காத!"

குழந்தை விரலை வெடுக்கென்று எடுத்தது.

"எதுக்குக் கத்துறீங்க? ஒண்ணும் பண்ணாத பொடின்னு ஆலையில சொல்லலையா?"

"சொன்னாங்க. இது ஒண்ணும் பண்ணாது."

மனைவியின் சிரிப்பு நின்றது. நேற்றைய வேலை உடுப்பு வாளியில் ஊறிக்கொண்டிருந்தது, மகளின் கவுன்களோடு.

"அப்ப இத்தனை நாளா நீங்க கொண்டு வந்தது?"

"அது டார்ச்ல தெரியாது."

அவள் குழந்தையைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்ததும் டார்ச்சைத் தானே வாங்கி அடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் பச்சை இல்லை. அவள் முகம் தெளியவில்லை.

"நான் என்ன வேலை பாக்குறேன்னு டாக்டர் கேட்டாரா?" என்றார் மேஸ்திரி.

"கேக்கல. நாமளும் சொல்லல."

"கெளம்பு. ஆஸ்பத்திரி மூடுறதுக்குள்ள போயிடலாம். ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்கச் சொல்லணும்."

மகள் இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினாள். "அப்பா, தூக்கு."

மேஸ்திரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அம்மாகிட்ட போடா கண்ணு."

மனைவி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மகள் தோள்வழியே திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அந்த... அந்த..." சொல் வரவில்லை. டார்ச்சைச் சுட்டிக் காட்டினாள்.

கதவருகே போன மேஸ்திரி, பின்னால் கட்டிய கைகளை எடுக்காமல், கைப்பிடியைப் பார்த்தபடி நின்றார்.

"நீயே தெற," என்றார்.