இரும்புக்குக் காஜா

என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் 'ஐயோ பாவம்' என்று ஆரம்பிக்கக் கூடாது. நான் குருடி இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது, ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தால் காது இரண்டும் தெரியும், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. கண் டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பேர் சொன்னார். இதற்கு மேல் போகாமல் பிடித்து வைக்கலாம், போனது வராது என்றார். சரி, மற்றவர்கள் மூக்கைப் பார்க்காமல் வாழ்ந்துவிடலாம். ஊசிக்காதைப் பார்க்காமல் ஒரு தையல்காரி என்ன செய்வாள்?

ஒற்றை மெஷினோடு நான் ஆரம்பித்த கடையை இப்போது என் மகள் நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் என்னை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் விளக்கு போட்டாள். மெஷின் மேல் ஒன்று, பக்கத்தில் ஒன்று, கழுத்தை வளைத்து நீட்டுகிற மாதிரி இன்னொன்று. அத்தனை விளக்குக்கும் அந்தப் புகை பளபளப்பான புகையாக ஆனதே தவிர விலகவில்லை. கடைசியில் ஒரு கோட்டின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டேன். மகள்தான் உட்கார்ந்து பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுநாள் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தாள். மெத்தை போட்ட நாற்காலி வேறு.

அங்கே என் வேலை என்ன தெரியுமா? வருகிறவர்களிடம் "வாங்க", போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க". இதற்கு ஒரு கிளி போதும். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மகள் மேல் எரிந்து விழுவேன். அவள் பொறுத்துக்கொள்வாள், அதைப் பார்த்து இன்னும் எரிச்சல் வரும்.

மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஒருநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டு கொடுக்கப் போனேன். ஒரு லாரிக்கு அடியில், இருட்டில், இறுகிப்போன ஒரு போல்ட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். குனிந்து, எனக்குப் பழகிப்போன மாதிரி கண்ணைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தேன். அந்த போல்ட் செக்கச்செவேல் என்று தெரிந்தது. ஓரம், மூலை, மேலே இருந்த பள்ளம், எல்லாம். அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அத்தை, அப்படிப் பாக்குறீங்க?"

"மாப்பிள்ளை, இது எனக்குத் தெரியுது!"

"எது?"

"இரும்பு! அட, அந்த இரும்பு தெரியுதுங்கறேன்!"

அங்கே பிடித்தது பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் பழைய துணிமூட்டைகள் கிடந்த தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. மூட்டையெல்லாம் வெளியே போட்டேன். மாப்பிள்ளை மகளுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன லாரி பிரேக் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் ஒரு குழாயைப் பொருத்தி, மூன்று கால் வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார். கரியைக் கொட்டிப் பற்றவைத்து, குழாய் வழியாகக் காற்று ஊதினால் அது உலை. மரக்கட்டை மேல் தண்டவாளத் துண்டு ஒன்றை வைத்து நான்கு பக்கமும் ஆணியடித்து இறுக்கினால் அது இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக் கல். ஒரு சுத்தியல், நீளக் கைப்பிடி வைத்த குறடு ஒன்று, ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். இவ்வளவுதான். ஒரு குடும்பம் நடத்த இதைவிட அதிகச் சாமான் வேண்டும்.

தோல் முன்கவசத்தை நானே தைத்தேன். நேர்த்தையலுக்குக் கண் எதற்கு, விரல் போதும். நைலான் கலந்த சேலை பக்கத்தில் வரக்கூடாது, தனிப் பருத்திதான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எந்தத் துணி உருகும், எது கருகும் என்று எனக்குத் தெரியாதா? கண் டாக்டரிடமும் கேட்டேன். சிரித்துவிட்டு, பச்சைக் கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார். "நெருப்பை உத்துப் பாக்காதீங்கம்மா" என்றார். "உத்துப் பாத்தாதான் ஒண்ணுமே தெரியாதே, டாக்டர்" என்றேன்.

காற்று ஊத மகளின் தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்துக்கொண்டேன். குழாய் குட்டையாக இருந்ததால் சூடு ஏறி அதன் மூக்கு உருகி வழிந்தது. மாப்பிள்ளை தன் காசில் இன்னொன்று வாங்கிவந்தார், குழாயையும் நீளமாக்கினார். முதல் கம்பியை நெருப்பிலேயே விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அது வெள்ளையாகிப் பொரிபொரியாகச் சிதறி, எடுத்துப் பார்த்தால் நுனியைக் காணோம். இரண்டாவது கம்பி கறுத்துவிட்டது, ஆறிவிட்டது என்று நினைத்துக் கையால் தொட்டேன். ஆறவில்லை. சிவப்பாக இருக்கும் இரும்பு யோக்கியன், தன் குணத்தை முகத்தில் காட்டுவான். கறுப்பாக இருப்பவனைத்தான் நம்பக்கூடாது. கட்டைவிரல் கொப்புளத்தைக் கல்லா மேசைக்கு அடியிலேயே மறைத்து வைத்தேன்.

மறைத்து என்ன புண்ணியம்? கொடியில் காய்ந்த வெள்ளை லைனிங் துணியில் கரித்தூள் உட்கார்ந்திருந்தது. மகள் அதைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். பிரேக் டிரம், சுத்தியல், உருகிப்போன அவளுடைய மெஷின், என் கட்டைவிரல், ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாரு செஞ்சு கொடுத்தது?"

"நானேதான்."

"பொய் சொல்லாத. அவருதானே? வரட்டும், இருக்கு அவருக்கு!"

"அவரை ஏண்டி இழுக்கற? நான்தான் கேட்டேன்."

"அம்மா, உனக்கு எதிர்ல நிக்கிற ஆள் மூஞ்சி தெரியாது. நீ நெருப்போட விளையாடுற. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?" கையிலிருந்த லைனிங் துணியைக் கசக்கிக் கீழே போட்டாள். "பேசாம கல்லாவுல உக்காரேன். அதுல உனக்கு என்ன குறை?"

"அங்க உக்காந்தா நான் பொணம்டி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் அதுதான் உண்மை.

அந்த வாரம் கடையில் காவலாளிகளுக்கான கம்பளிக் கோட்டு ஆர்டர். ஒவ்வொரு கோட்டும் ஒரு குழந்தை கனம். தைத்து முடித்ததையெல்லாம் சுவரோரம் நீளக் குழாயில் மாட்டியிருந்தாள். மறுநாள் காலை கடையைத் திறந்தால் அத்தனையும் தரையில். குழாயைத் தாங்கிய இரண்டு இரும்புத் தாங்கிகளும் வாழைமட்டை மாதிரி மடங்கிக் கிடந்தன. இரும்புக் கடையில் வாங்கியவை, மடங்குவது இது இரண்டாவது தடவை.

"நான் செஞ்சு தரேன்" என்று கல்லாவிலிருந்து சொன்னேன். வாய் சும்மா இருந்தால்தானே?

மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் தெரியாவிட்டாலும் இடுப்பில் இரண்டு கையும் ஏறியது ஓரத்தில் தெரிந்தது. "சரி. ஆர்டர் எடுக்க வெள்ளிக்கிழமை வராங்க. அதுக்குள்ள ரெண்டு தாங்கி செஞ்சு மாட்டு. மொத்தக் கோட்டையும் தாங்கிச்சுன்னா கொட்டகை உன்னுது, நான் வாயே திறக்க மாட்டேன். தாங்கலைன்னா ஆளக் கூப்பிட்டு எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுவேன். அதுக்கப்புறம் நீ நெருப்பு பக்கம் போகக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.  அதுவரை நான் செய்தது வளைந்த ஆணியும், எதற்கும் உதவாத ஒரு கொக்கியும்.

கொட்டகை ஜன்னலில் சாக்கைக் கட்டினேன். இருட்டில்தான் இரும்பின் நிறம் சரியாகத் தெரியும். எனக்கு நிறம் தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி. கம்பியை அளந்தேன். சுவரில் பதிகிற பாகம் ஒரு சாண், வெளியே நீளுகிற பாகம் ஒன்றரைச் சாண். கைப்பழக்கம், இரண்டு பக்கமும் தையலுக்கு விடுகிற மாதிரி கூடுதலாக விட்டு வெட்டினேன்! யோசிக்கவே இல்லை. துணியை வெட்டும்போது கூடுதல் விடாதவள் தையல்காரியா?

உலையில் வைத்து, ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுத்து, வெளியே நீளுகிற பாகத்தை ஒல்லியாக்க அடித்தேன். அடிக்க அடிக்க அது நீண்டது. துணி தைத்தால் குறையும், துவைத்தால் சுருங்கும். இந்தச் சனியன் அடித்தால் வளர்கிறது! நான் கூடுதலாக விட்டது போதாதென்று இது தன் பங்குக்கும் வளர்ந்து, முடித்துப் பார்த்தால் ஒன்றரைச் சாண் அதிகம். சுத்தியலைத் தூக்கி மணல் வாளியில் எறிந்தேன். இரும்பைத் திட்டினேன், கண்ணைத் திட்டினேன், மாப்பிள்ளையின் பரம்பரையையே திட்டினேன். பாவம், அவர் வாசலில் டீயோடு நின்றிருந்தார்.

"அதிகமா இருந்தா வெட்டிடலாமே, அத்தை" என்றார்.

"வெட்டறதா? மாப்பிள்ளை, துணி மிச்சம் இருந்தா யாராவது வெட்டுவாங்களா?" என்று கத்திய வாய் பாதியிலேயே நின்றது. மிச்சத்தை வெட்ட மாட்டோம். உள்ளே மடிப்போம்.

பாவாடையின் கீழோரம் ஏன் முதலில் கிழிவதில்லை? அங்கே துணி இரட்டை. கடையில் வாங்கிய தாங்கி எங்கே மடங்கியது? சுவரிலிருந்து திரும்புகிற மூலையில். அந்த மூலையில் இரும்பு இரட்டையாக இருந்தால்?

எனக்குக் கை பரபரத்தது. கம்பியை மறுபடி நெருப்பில் வைத்து, மஞ்சள் ஏறும்வரை பொறுத்து, சுவர்ப் பக்கத்து முனையை அப்படியே பின்னால் மடித்தேன். இரண்டும் ஒட்டிப் படியும்வரை அடித்தேன். மடித்த பாகம் மூலை வரப்போகிற இடத்தைத் தாண்டி நாலு விரல் வந்தது. பிறகு கல்லின் ஓரத்தில் வைத்து மூலையைத் திருப்பினேன். ஒரே சூட்டில் திரும்பவில்லை, வைத்து வைத்து எடுத்தேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது, ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. நுனியைக் குழாய் உட்காருகிற மாதிரி சுருட்டினேன்.

திருகாணிக்கு ஓட்டை வேண்டும். மாப்பிள்ளை துளைபோடும் மெஷின் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பொத்தானுக்குக் காஜா எடுப்பது எப்படி? துணியைத் துண்டாக வெட்டி எடுத்தால் அந்த இடம் பலம் போய்விடும். நூலை ஒதுக்கி, ஓரத்தைக் கெட்டியாக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே கூர் உளியை வைத்து அடித்தேன், திருப்பிப் போட்டு மறுபக்கமும் அடித்தேன். இரும்பு ஒதுங்கி, ஓட்டையைச் சுற்றி உதடு மாதிரி தடித்தது. தடவிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே அழகான காஜா அது.

இரண்டாவது தாங்கிக்கு அதே தப்பான அளவையே வைத்து வெட்டினேன். இந்தத் தடவை தெரிந்தே.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை இரண்டையும் சுவரில் முடுக்கினார், குழாயை வைத்தார். மகள் கோட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். நான் கல்லாவில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தேன்.  கடைசிக் கோட்டும் ஏறியது. மகள் தாங்கியின் மூலையில் விரலை வைத்துத் தடவினாள். பிறகு இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள்.

அசையவில்லை.

"இன்னும் சந்தேகம்னா நானும் தொங்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

"வேணாங்க, விடுங்க! ஆர்டர் எடுக்க ஆள் வர்ற நேரம்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் தாவிவிட்டார். மாப்பிள்ளை சாப்பாட்டில் குறை வைக்காத ஆள். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன், எனக்குத் தெரியலையே!"

தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "அம்மா, குழாய் வளைஞ்சிடுச்சும்மா! நடுவுல தொட்டில் மாதிரி வளைஞ்சு நிக்குது. உன் தாங்கி ரெண்டும் அப்படியே இருக்கு! கல்லு மாதிரி இருக்கு!"

"என்னடி சொன்ன? மறுபடி சொல்லு."

"அப்படியே இருக்கும்மா!"

நான் ஜெயித்துவிட்டேன் என்று கடை அதிரக் கத்தினேன். வாசலில் வந்து நின்ற ஆர்டர்காரர் பயந்து இரண்டடி பின்னால் போனார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். என் கொப்புளம் காய்ந்த கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். மெத்தை நாற்காலியில் அன்றைக்கு மாப்பிள்ளையை உட்கார வைத்து, தொங்கியதில் பிடித்துக்கொண்ட இடுப்புக்குத் தைலம் தேய்த்தோம்.

மறுநாள் மத்தியானம் நான் உலையைப் பற்றவைத்துக் கம்பியை உள்ளே வைத்திருந்தேன். கொட்டகைக் கதவு திறந்து மூடியது.

"அம்மா, நடுவுல இன்னும் ஒரு தாங்கி போட்டா குழாய் வளையாதுன்னு நினைக்கிறேன். அளவு எடுத்துட்டு வந்திருக்கேன். எப்ப தருவ?" கேட்டுக்கொண்டே பழக்கதோஷத்தில் சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். கண் முன்னால் இருந்ததெல்லாம் புகையாகிவிட்டது.

"அணைடி அதை!"

அணைத்தாள். வெயிலிலிருந்து வந்தவள், சாக்கு கட்டிய இருட்டில் ஓரடி வைத்தாள், தண்ணீர் வாளியில் இடித்துக்கொண்டாள். "அம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. எங்க இருக்க?"

உலையில் கம்பி ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. அதன் ஓரமும் மூலையும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன.

"அங்கேயே நில்லு. வலது பக்கம் வாளி, இடது பக்கம் கல்லு" என்று சொல்லி என் கையை நீட்டினேன். "என் கையப் பிடிச்சுக்கிட்டு வா. எனக்கு எல்லாம் தெரியுது."