ஹார்மோன் நீக்கிய சீரம்

மில்வாக்கியில் இந்த ஆய்வுக்கூடத்துக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. புட்டியில் பெயர், தேதி, கையெழுத்து மூன்றும் இல்லாவிட்டால், யாருடையது என்றும் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுவேன். இங்கே படிக்கும் பிள்ளைகள் என்னை ‘லேபிள் போலீஸ்’ என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அப்பேர்ப்பட்ட நான்தான் அந்தப் புதன்கிழமை காலை உறைபெட்டியைச் சுத்தம் செய்யும்போது, அடித்தட்டில் பிரிக்காத பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

பிப்ரவரியில் வந்த, ஹார்மோன் நீக்கிய சீரம், அதாவது செல்களுக்கு உணவாக ஊற்றும் ரத்தநீர். அதைச் சின்னப் புட்டிகளில் ஊற்றி பிரென்னாவுக்குக் கொடுத்ததாக என் நோட்டில் எழுதியிருக்கிறேன். பெட்டியே பிரிக்கவில்லை என்றால் நான் ஊற்றிக் கொடுத்தது சாதாரண சீரம். இரண்டும் ஒரே தேன் நிறம். லேபிளை மட்டும் ஒழுங்காக ஒட்டியிருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

பிரென்னா எங்கள் ஆய்வு மாணவி. அவள் வளர்ப்பது மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து ‘வளர்’ என்று சேதி சொன்னால்தான் அவை பெருகும், சேதி நின்றால் நின்றுவிடும். அவள் ஒரு மரபணுவைப் பல மடங்கு அதிகமாக வேலை செய்ய வைத்தாள். ஹார்மோன் நீக்கிய சீரத்திலும் அந்தச் செல்கள் பெருகின. ஜனவரியில், முன்பு வாங்கிய ஹார்மோன் நீக்கிய பழைய சீரத்தில் போட்ட சாதாரண செல்கள் பெருகவில்லை. ஆகவே மரபணுதான் காரணம் என்று கட்டுரை எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை அது ஆய்விதழுக்குப் போக வேண்டும். அதை நம்பித்தான் மினசோட்டாவில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

இப்போது பார்த்தால் ஹார்மோன் நான் கொடுத்த புட்டியிலேயே இருந்திருக்கிறது.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் அதைத்தான் யோசித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காபி அறையில் பிரென்னா இருந்தாள். “என்ன போலீஸ், இன்னிக்கு யாரைப் பிடிச்சீங்க?”

“என்னையேதான்” என்று சொல்லி, முழுவதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே கோப்பையை மேசையில் வைத்தாள். “எல்லாப் புட்டியுமா?”

“ஒண்ணைத் தவிர. பழைய சீரம் ஒரு புட்டி மிச்சம் இருந்துச்சு. ஏப்ரல் நடுவுல கொடுத்தேன்.”

“பதினாறாம் தேதி.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த வாரம் ஒரு தட்டுல மட்டும் செல் வளரவே இல்ல. நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்னு நினைச்சு வீசிட்டேன். நோட்டுலகூட எழுதல.” கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். “இல்ல, பொய். கெடுத்துட்டேன்னு நினைக்கல. கெட்டிருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

அத்தனை தட்டுகளில் அந்த ஒன்றுதான், மரபணு காரணமில்லை என்ற உண்மையைச் சொல்லியிருக்கிறது.

“திட்டேன் என்னை. ரெண்டு வருஷ உழைப்பைக் கெடுத்திருக்கேன்” என்றேன்.

“திட்டணும்னுதான் இருக்கு. வாய் வரல.”

“கேளு. ரோலண்ட் கிட்ட நான் போய்ச் சொல்றேன். சீரம் தப்பு, என் தப்பு, அவ்வளவுதான். தட்டைப் பத்தி நீ மூச்சு விட வேண்டாம். ஒருத்தரும் உன்னைக் கேக்கப் போறதில்ல.”

மனசாரத்தான் சொன்னேன். அவள் கூடவே நடந்து வந்தாள்.

பேராசிரியர் ரோலண்ட் ஓடகார்டின் கதவு திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “வாங்க, வாங்க. கட்டுரை ரெடியா?”

நான் வாயைத் திறந்தேன். பிரென்னா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“நான் முதல்ல பேசிடறேன், மார்லிஸ்” என்றாள் மெதுவாக. “நீங்க பேசி முடிச்சீங்கன்னா, நான் பேசாமலே இருந்துடுவேன்.”